குழாய்ப் பூக்களின் குலம்

(மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம் எல்லாம் நாரில் ஏறுகின்றன. இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து நாரைச் சுற்றி இழுத்தால் சரம் நிற்கிறது. ரோஜா இதழை அப்படிக் கட்ட முடியுமா? முடியாது. ரோஜாவை அதன் காம்போடு சேர்த்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊசியில் கோக்க வேண்டும். தாமரையும் அப்படித்தான். கட்டுகிறவர் கைத்திறமை ஒரு பக்கம் இருக்கட்டும். பூவின் உடலமைப்பிலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இன்று நான் பேச வந்திருப்பது அந்தக் காரணத்தைப் பற்றித்தான்.

கனகாம்பரத்தைப் பாருங்கள். கதிரிலிருந்து பூவை உருவி எடுக்கும்போது பச்சைச் செதிலும் புல்லி இதழ்களும் செடியிலேயே தங்கிவிடுகின்றன. கையோடு வருவது அல்லி என்னும் இதழ் வட்டம் மட்டும். அதன் மேல்பகுதி ஒரு பக்கமாக விரிந்த மடல். கீழ்ப்பகுதி மெல்லிய குழாய். நார் முடிச்சு விழுவது அந்தக் குழாயின் மேல்தான். மல்லியைப் பறிக்கும்போது சிறு காம்பும் ஊசி ஊசியாகப் பிரிந்த பச்சைப் புல்லியும் கூடவே வரும். ஆனாலும் அவற்றுக்கு மேலே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெள்ளைக் குழாய் ஒன்று இருக்கிறது. பிச்சியில் அது இன்னும் நீளம். நாம் பூவின் காம்பு என்று எண்ணிப் பிடிப்பதில் பாதி உண்மையில் இதழ்தான். இதழ்கள் அடியில் ஒன்றோடொன்று கூடிக் குழாயாகிவிட்டன. அதனால்தான் பூ சிதறாமல் முடிச்சைத் தாங்குகிறது.

பூ உதிரும் விதத்திலும் இந்த வேறுபாடு தெரியும். ரோஜா உதிர்ந்தால் தரையில் தனித்தனி இதழ்கள் கிடக்கும். பவளமல்லி உதிர்ந்தால் ஆரஞ்சுக் குழாயோடு முழுப்பூவாகக் கிடக்கும். மகிழம்பூவும் அப்படியே. மகிழம்பூவின் நடுவில் ஒரு துளை இருக்கிறதே, அது சூற்பை இருந்த இடம். சூற்பை மரத்திலேயே தங்கிக் காயாகிறது. அல்லியும் அதில் ஒட்டிய மகரந்தத்தாள்களும் ஒரே வளையமாகக் கழன்று விழுகின்றன. அந்தத் துளையில் நூலைக் கோத்துத்தான் நம் வீட்டுப் பெண்கள் மகிழம்பூ மாலை தொடுத்தார்கள்.

இப்படி அல்லி இதழ்கள் இணைந்த பூக்களைப் பெரும்பாலும் உடைய ஒரு பெருங்கூட்டத்துக்குத் தாவரவியலார் இன்று ஆஸ்டரிட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகில் ஏறக்குறைய மூன்று லட்சம் பூக்கும் தாவர இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலானவை இந்தக் கூட்டம். மாட்டுத்தாவணிக்கு வரும் பூக்களிலோ இவற்றின் பங்கு அதைவிட மிக அதிகம். மல்லி, முல்லை, பிச்சி, கனகாம்பரம், செவ்வந்தி, செண்டுமல்லி, அரளி, நந்தியாவட்டை, எருக்கு எல்லாம் ஆஸ்டரிட். மாலைக்கு நடுவே வாசத்துக்காக வைக்கும் துளசி, மரு, மரிக்கொழுந்து ஆகியவையும் ஆஸ்டரிட். வெளியே நிற்பவை ரோஜா, தாமரை, சம்பங்கி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, தாழம்பூ போன்ற சில.

அடுக்களைக்குள் போனாலும் இதே கூட்டம்தான். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, எள், சூரியகாந்தி, கொத்தமல்லி, சீரகம், பெருங்காயம், காபி, தேயிலை. இதற்குமேல் பட்டியலை நீட்டப்போவதில்லை. சந்தைப் பூக்களையே பார்ப்போம்.

இந்தச் சொந்தபந்தத்தை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் உலகத் தாவரங்களை வரிசைப்படுத்தியபோது மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையைக் கணக்கில் வைத்தார். மல்லிகைக்கு இரண்டே மகரந்தத்தாள்கள். ஆகவே அது இரட்டை மகரந்தத்தாள் வகுப்பு. ஆடாதொடைக்கும் இரண்டு, அதுவும் அங்கே. மிளகையும் அதே வகுப்பில் வைத்தார். துளசிக்கு நான்கு, அவற்றில் இரண்டு நெட்டை, இரண்டு குட்டை. ஆகவே துளசி வேறு வகுப்புக்குப் போனது. இன்று நமக்குத் தெரிந்த கணக்குப்படி மல்லியும் ஆடாதொடையும் துளசியும் ஒரே துறையைச் (பல குடும்பங்களின் தொகுப்பைச்) சேர்ந்த உறவுகள். மிளகு அவற்றுக்கு வெகுதூரத்து அந்நியன். எண்ணிக்கை ஒன்றை மட்டும் நம்பினால் வீட்டுப் பிள்ளை வெளியே போகும், வழிப்போக்கர் உள்ளே வருவார்.

லின்னேயஸ் நம் மல்லியையும் பவளமல்லியையும் நிக்டாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். இரண்டும் இரவில் மலர்பவை. 1789-ல் தாவரவியலார் ஐட்டன் மல்லியை ஜாஸ்மினம் பேரினத்துக்கு மாற்றினார். பவளமல்லி பழைய பேரினத்திலேயே நின்று, பிறகு நொச்சி குடும்பத்தில் கொஞ்ச காலம் இருந்து, இப்போது மல்லியின் குடும்பமான ஓலியேசிக்கே திரும்பி வந்திருக்கிறது. எனக்கு இந்த வரலாறு மிகவும் பிடிக்கும். முதலில் பார்த்தவரின் கண் பாதி சரியாகவே பார்த்திருக்கிறது.

அதே 1789-ல் பிரான்சில் ஜூசியூ இருவித்திலைத் தாவரங்களை இதழ் இல்லாதவை, இதழ் இணைந்தவை, இதழ் பிரிந்தவை என்று பெரும்பிரிவுகளாக்கினார். இந்த வழியில்தான் ஆங்கிலேயர்களான பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை இருபத்தோரு ஆண்டுகள் உழைத்து மூன்று தொகுதிகளில் தங்கள் வகைப்பாட்டை வெளியிட்டார்கள். நாம் கல்லூரியில் கேமோபெட்டலே என்றும் அல்லி இணைந்தவை என்றும் படித்த பிரிவு அவர்களுடையது. 1915-ல் தொடங்கி 1936-ல் முடிந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூலும் அவர்கள் வரிசையையே பின்பற்றியது. தமிழ்நாட்டில் செடி சேகரித்த மூன்று தலைமுறையினருக்கு அந்த நூல்தான் கைவிளக்கு.

இங்கே இருவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற மருத்துவர் தென்னிந்தியச் செடிகளைப் படங்களோடு பதிப்பித்தார். அவருக்காக வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். செடியின் முழு உருவத்தோடு நிறுத்தாமல், பூவைப் பிளந்து உள்ளுறுப்புகளையும் தனித்தனியே வரைந்தார்கள். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். தாவரவியல் வகுப்புகளில் இந்த இருவர் பெயரும் சொல்லப்பட வேண்டும்.

மல்லியின் குழாயை நகத்தால் நீளவாக்கில் கீறி விரித்தால் என்ன தெரியும்? இரண்டு மகரந்தத்தாள்கள் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் தாள் அடியிலிருந்து தனியாக எழுவதில்லை, அல்லியிலிருந்தே கிளைக்கிறது. ஆஸ்டரிட் கூட்டத்தில் மிகப் பரவலான அடையாளம் இது. ரோஜாவில் மகரந்தத்தாள்கள் எண்ணற்றவை, இதழோடு ஒட்டுறவில்லை. ஆஸ்டரிட் பூக்களில் பெரும்பாலும் மகரந்தத்தாள்கள் இதழ் மடல்களின் எண்ணிக்கைக்குச் சமம், அல்லது அதைவிடக் குறைவு. அரளிக்கு ஐந்து, கனகாம்பரத்துக்கு நான்கு, மல்லிக்கு இரண்டு. தேயிலை போன்ற சில பழங்கிளைகளில் மட்டும் அதிகம். அடுக்கு மல்லி வகைகளில் இந்தத் தாள்களே இதழாக மாறியிருப்பதும் உண்டு. நம் குண்டுமல்லி பெரும்பாலும் காயே பிடிக்காததால், ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து பதியன் நாற்று வாங்கி வந்து நடுகிறோம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இப்படி விதையில்லாமல், குச்சியிலிருந்து குச்சியாகத் தலைமுறை தாண்டி வந்த செடி.

மல்லி, முல்லை, பிச்சி மூன்றையும் பூவில்லாமலும் பிரித்துச் சொல்லலாம். மல்லியின் இலை தனி இலை. முல்லையில் ஒரு பெரிய சிற்றிலையும் அதன் அடியில் காதுமடல் அளவில் இரண்டு சிறு சிற்றிலைகளும் இருக்கும். பிச்சியின் இலை ஏழு, ஒன்பது என்று பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும்; மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். பூக்காரர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாணவர்களுக்காகச் சொல்கிறேன்.

இப்போது செண்டுமல்லிக்கு வருவோம். அதை ஒரு பூ என்று நாம் எண்ணுகிறோம். ஒரு செண்டுமல்லியைப் பிய்த்துப் பாருங்கள். இதழ் என்று நினைத்து இழுக்கும் ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பும் வெளுப்புமாக ஒரு நீளத்துண்டு வரும். அது சூற்பை. சூற்பை இருந்தால் அது இதழாக இருக்க முடியாது, தனிப் பூவாகத்தான் இருக்க வேண்டும். ஓரத்தில் நாக்குப் போல நீண்டவை ஒருவகைச் சிறுபூக்கள். நடுவில் குழல் வடிவில் இருப்பவை இன்னொரு வகை. நடுப்பூவில் ஐந்து மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழலாக நிற்கும். சூல்தண்டு அதற்குள்ளிருந்து மேலே வளரும்போது மகரந்தத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே கொண்டுவரும். வண்டு வந்து உட்காருவதற்குள் மகரந்தம் வாசலில் தயாராக இருக்கும். செவ்வந்தியும் சூரியகாந்தியும் மரிக்கொழுந்தும் இதே குடும்பம். ஏறக்குறைய 25,000 இனங்களோடு உலகின் மிகப்பெரிய தாவரக் குடும்பங்களில் ஒன்று இது. கோயிலுக்கு ஒரு செண்டுமல்லி மாலை சாத்தும்போது நாம் ஆயிரக்கணக்கான பூக்களைச் சாத்துகிறோம்.

மதுரைக்குக் கடம்பவனம் என்று பெயர். மீனாட்சியம்மன் கோயிலின் தலமரம் கடம்பு. கடம்பின் உருண்டைப்பூவும் பல நூறு சிறு குழாய்ப் பூக்கள் சேர்ந்த பந்துதான். சூற்பையும் செவ்வந்தியில் உள்ளது போலவே இதழுக்குக் கீழே அமைந்தது. இதைக் கண்ட பெந்தமும் ஹூக்கரும் கடம்பையும் செவ்வந்தியையும் கீழ்ச்சூற்பைத் தொகுதி ஒன்றில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஆனால் கடம்பின் நெருங்கிய உறவு காபியும் வெட்சியும். அடுத்த உறவு அரளி. செவ்வந்தி வேறு கிளை. பந்து வடிவத்தை இரண்டும் தனித்தனியே அடைந்திருக்கின்றன. இது எப்படித் தெரியவந்தது?

1993-ல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒரு மரபணுவை 499 தாவரங்களில் ஒப்பிட்டு ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வழியில் 1998-ல் பூக்கும் தாவரங்களின் மரபுவழி ஆய்வுக்குழு ஒரு புதிய வகைப்பாட்டைக் கொடுத்தது. 2003, 2009, 2016 ஆகிய ஆண்டுகளில் அதைத் திருத்தியது. அதன்படி ஆஸ்டரிட் கூட்டத்தில் முதலில் பிரிந்த இரண்டு கிளைகளில் ஒன்றில் மகிழமும் தேயிலையும் இருக்கின்றன. மீதி இரண்டு பெருங்கிளைகள். ஒன்றில் மல்லி, துளசி, கனகாம்பரம், கத்தரி, அரளி, கடம்பு. மற்றதில் செவ்வந்தியும் கொத்தமல்லியும்.

பழைய வகைப்பாட்டைக் குறை சொல்வது என் நோக்கமன்று. மரபணுவைக் காணாமலே அல்லி இணைந்தவை என்ற பெரும்பிரிவை ஏறக்குறைய சரியாகப் பிடித்தவர்கள் ஜூசியூவும் பெந்தமும் ஹூக்கரும். ஆனால் ஒற்றை அடையாளத்தை நம்பினால் ஏமாற்றம் வரும். அதற்கு நம் ஊரிலேயே நல்ல சாட்சிகள் உண்டு. மார்கழிக் கோலத்தில் சாணியில் செருகி வைக்கும் பூசணிப்பூவின் இதழ்கள் இணைந்தவைதான். ஆனாலும் பூசணி ஆஸ்டரிட் இல்லை. ரோஜா இருக்கும் பெருங்கூட்டம் அது. சம்பங்கிக்கு அழகான குழாய் உண்டு. எண்ணிப் பார்த்தால் மடல்கள் ஆறு. அது ஒருவித்திலைத் தாவரம், கற்றாழை போலத் தோன்றும் அகேவ் செடியின் இனம். பள்ளியில் எல்லோரும் அறுத்துப் பார்த்த செம்பருத்தியும் முழுதாகத்தான் விழுகிறது. காரணம், அதன் தனித்தனி இதழ்கள் மகரந்தக் குழலின் அடியில் ஒட்டியிருக்கின்றன. வாடாமல்லியிலும் கோழிக்கொண்டையிலும் அல்லி இதழே கிடையாது. நிறம் காட்டுபவை காகிதம் போன்ற பூவடிச் செதில்களும் பூவிதழ்களும். எதிர்ப்பக்கத்தில் கொத்தமல்லிப் பூவுக்கு ஐந்து இதழும் தனித்தனி. அதனால் பெந்தமும் ஹூக்கரும் அதை இதழ் பிரிந்தவற்றில் சேர்த்தார்கள். அதன் துறையைச் சேர்ந்த சில செடிகளின் மிக இளம் மொட்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, இதழ்கள் தோன்றும் இடத்தில் முதலில் ஒரு வளையம் எழுவது தெரிந்தது. இணைந்த குலத்தின் சுவடு வளர்ந்த பூவில் மறைந்து, மொட்டில் மட்டும் தங்கியிருக்கிறது.

அப்படியானால் இந்தக் கூட்டத்தை உறுதியாகப் பிடித்துக்கொள்ள இன்னோர் அடையாளம் வேண்டும். அது சூலுக்குள் இருக்கிறது. பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவற்றில் சூலைச் சுற்றி இரண்டு உறைகள். ஆஸ்டரிட் தாவரங்களில் பெரும்பாலும் ஒரே உறை, அதற்குள் மிக மெல்லிய சூல்திசு. பூசணியில் உறை இரண்டு. இது கண்ணுக்குத் தெரியாத அடையாளம். மொட்டை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். இந்தக் கலையில் இந்தியா உலகில் முன்னணியில் இருந்தது. டெல்லியில் பஞ்சானன் மகேஸ்வரி ஒரு பெரிய ஆய்வுப் பரம்பரையையே உருவாக்கினார். பூக்கும் தாவரக் கருவியல் பற்றி அவர் 1950-ல் எழுதிய நூல் பல நாடுகளில் பாடநூலாக இருந்தது.

இதெல்லாம் தெரிந்து என்ன பயன் என்று யாராவது கேட்கலாம். அரளியைப் பார்த்து அதற்குப் பதில் சொல்கிறேன். அரளி மொட்டின் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒரே பக்கமாகத் திருகியிருக்கும். தொண்டையில் கிழிந்த நூல் போன்ற மகுடம். அதற்குள் அம்புமுனை வடிவ மகரந்தப்பைகள் ஐந்தும் சூல்முடியை நெருக்கிப் பிடித்திருக்கும். கிள்ளினால் பால் வரும். விநாயகர் சதுர்த்திக்கு மாலையாகும் எருக்கிலும் ஐந்து இதழ், பால், உள்ளே ஒரு மகுடம். ஆனால் எருக்கின் மகரந்தம் தூளாக இருக்காது. இரண்டிரண்டு கட்டிகளாக ஒரு கொக்கியில் தொங்கும். தேன் குடிக்க வரும் கருவண்டின் காலில் அந்தக் கொக்கி மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். இந்த வேறுபாட்டைப் பார்த்து 1810-ல் தாவரவியலார் ராபர்ட் பிரவுன் எருக்கைத் தனிக் குடும்பமாக்கினார். இப்போது இரண்டும் அப்போசைனேசி என்ற ஒரே குடும்பமாகிவிட்டன. அரளியின் நஞ்சும் எருக்கின் நஞ்சும் இதயத்தைத் தாக்கும் ஒரே வகை வேதிப்பொருள்கள். சொந்தம் பூவில் தெரிகிறது, பாலிலும் தெரிகிறது. இதே குடும்பத்தின் நித்தியகல்யாணியிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்து எடுக்கப்படுகிறது. ஒரு செடியின் குடும்பம் தெரிந்தால், அதில் என்ன நஞ்சு இருக்கும், என்ன மருந்து இருக்கும் என்று எங்கே தேடலாம் என்பதற்கு ஒரு வழி கிடைக்கிறது. வகைப்பாட்டின் பெரும்பயன் இது என்று நான் கருதுகிறேன்.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967-ல் ராப்பினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கி, தமிழகச் சமவெளியின் தாவரங்களைச் சேகரித்துத் தாள்தாளாக ஒட்டி வைத்தார். காட்டுச் செடிகளுக்கு அங்கே முகவரி இருக்கிறது. வயலில் வளரும் நம் மல்லி, முல்லை, பிச்சி வகைகளுக்கும் அப்படி ஒரு முகவரி வேண்டும். ஒரு விவசாயி புதிய ரகத்துக்கு மாறினால், பழைய ரகம் அந்த ஊரிலிருந்து தடயமில்லாமல் போய்விடுகிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செம்பருத்தி ஒன்றையே அறுத்துக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். இந்தச் சந்தையில் கைப்பிடி உதிரிப்பூ கேட்டால் எந்தக் கடைக்காரரும் இல்லையென்று சொல்ல மாட்டார். பிச்சி, கனகாம்பரம், செண்டுமல்லி, ரோஜா, சம்பங்கி ஐந்தும் போதும். ஒரு பிளேடும் ஒரு கைலென்சும் இருந்தால் பாடம் நடந்துவிடும். மாணவர்கள் தங்கள் ஊர்த் தோட்டத்திலிருந்து இலையும் மொட்டும் பூவும் உள்ள ஒரு கிளையை வாங்கி, செய்தித்தாள் நடுவே அழுத்திக் காயவைத்து, ஊர், தேதி, அந்த ஊரில் வழங்கும் பெயர் மூன்றையும் எழுதி ஒட்டி வையுங்கள். மல்லி வெளுப்பு மங்கிப் பழுப்பாகும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வடிவம் நிற்கும். அரளியையோ எருக்கையோ அறுத்தால் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிய பிறகே அடுத்த பூவைத் தொடுங்கள்.